ஃபைபர் குல்லா

உடைந்தது எதுவாக இருந்தாலும் ஃபைபர் போட்டு ஒட்டிவிடலாம் என்பது வல்லரசுவின் கட்சி. காசிமேட்டு வார்ஃபில் வயிறு கிழிந்து கரையேறும் படகிலிருந்து, வியாசர்பாடி ஹவுசிங் போர்டின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் அவன் கை வைக்காத ஓட்டை இல்லை. பக்கத்து வீட்டுப் பவுனம்மாளின் பிளாஸ்டிக் நாற்காலிக்குக்கூட ஒரு கால் ஃபைபரில் செய்து கொடுத்தான். மற்ற மூன்று காலும் ஒடிந்த பிறகும் அந்த ஒரு கால் மட்டும் அசையாமல் நின்றது. சும்மா சொல்லக் கூடாது, தொழில்காரன்தான். வாயும் தொழிலுக்குச் சமமாக இருந்தது என்பதுதான் கோளாறு. "மேட்டு கீது, ரெசின் கீது, நான் கீறேன். அப்பால இன்னாத்துக்கு பேஜாரு?" என்பான். மேட்டு என்பது கண்ணாடி நாரில் செய்த விரிப்பு, ரெசின் அதை ஒட்டி இறுக வைக்கும் பசை.

அப்பேர்ப்பட்டவன் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃப்ளோரன்ஸ் எதிரே உட்கார்ந்துகொண்டு, மனைவி எழில்மொழியின் மடியில் கிடந்த மகனின் தலையைப் பார்க்கவே பயந்தான்.

மகன் பெயர் அறிவு. மூன்று மாதம் முடியப்போகிறது. பிள்ளை கொழுகொழுவென்றுதான் இருந்தான், தலை மட்டும் முன்னும் பின்னும் நீண்டு, காதுக்கு மேலே ஒடுங்கி இருந்தது. அவர்கள் குடியிருந்த ஹவுசிங் போர்டு பிளாக்கில் ஆளுக்கு ஒரு கருத்து. பிரசவத்தில் இழுத்ததில் அப்படி ஆகியிருக்கும் என்றார்கள் சிலர், ஒருக்களித்தே படுக்கப் போடுவதால் என்றார்கள் சிலர். குழந்தை குளிப்பாட்ட வரும் பவுனம்மாள் உச்சியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அட, உச்சிக்குழி இப்பவே மூடிக்கிச்சி பாரேன்! கெட்டிப் புள்ளடா நீ" என்று நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தாள். வல்லரசு இதை வார்ஃபில் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டான். தடுப்பூசி போடப்போன இடத்தில் நர்ஸ் தலையை டேப் வைத்து அளந்தாள், மறுபடியும் அளந்தாள், முகம் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெருமைப் பேச்சு நின்றுபோனது.

டாக்டர் குழந்தையின் உச்சியில் விரலை வைத்து முன்னிருந்து பின்னாக நகர்த்தினார்.

"இங்க வரப்பு மாதிரி ஒரு மேடு ஓடுது. தொட்டுப் பாருங்கம்மா."

எழில்மொழி தொட்டுப் பார்த்தாள். வல்லரசு தொடவில்லை.

"மண்டையோடு ஒரே எலும்பு இல்ல. தனித்தனித் துண்டு. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல தையல் மாதிரி இடைவெளி இருக்கும். மூளை வளர வளர அந்தத் தையல்தான் விரிஞ்சு குடுக்கும். இவனுக்கு உச்சி நடுவுல இருக்கிற தையல் முன்னாடியே ஒட்டிக்கிச்சு. பக்கவாட்டுல இடம் இல்ல, அதனால முன்னாலயும் பின்னாலயும் தள்ளுது." டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பி ஸ்கேன் படத்தைக் காட்டினார். எழில்மொழி குனிந்து பார்த்தாள். வல்லரசு ஜன்னலைப் பார்த்தான்.

"மூளைக்கு எதுனா ஆவுமா மேடம்?" என்று கேட்டாள் எழில்மொழி.

"எல்லாருக்கும் ஆகும்னு இல்ல. ஆனா விட்டுட்டா உள்ள அழுத்தம் கூடலாம். கண் பார்வைக்கு, புத்திக்கு ஆபத்து வரலாம். வர்ற வரைக்கும் நாம உக்காந்திருக்கக் கூடாது. இப்ப எலும்பு மெல்லிசு. உச்சியில ரெண்டே ரெண்டு சின்ன வெட்டு. குழாய் கேமரா விட்டு, ஒட்டின எலும்பை ஒரு பட்டையா எடுத்துருவோம். அப்புறம் சில மாசத்துக்கு அளவெடுத்து செஞ்ச ஹெல்மெட் போட்டா தலை தானா உருண்டு வந்துரும். ஆனா நாலாவது மாசம் முடியறதுக்குள்ள செய்யணும். தள்ளிப்போச்சுன்னா எலும்பு தடிச்சுரும். அப்ப காதுலேர்ந்து காது வரைக்கும் திறந்து, எலும்பைக் கழட்டி மாத்தி வைக்கிற பெரிய ஆபரேஷன்தான்."

அடுத்த வாரம் தாண்டி ஒரு திங்கட்கிழமைக்குத் தேதி கொடுத்தார்கள்.

இவ்வளவு சொன்னதில் வல்லரசுவின் காதில் ஏறியது இரண்டே விஷயம். ஒன்று, மண்டையை வெட்டப்போகிறார்கள். இன்னொன்று, ஹெல்மெட். கட்டர் மெஷினைப் பிடித்து முழுப் படகை நெடுக்காக அறுக்கும்போது கண்ணைக்கூட இமைக்காத ஆள். பிள்ளையின் உச்சியில் கத்தி என்று நினைத்துப் பார்க்கவே அவனால் முடியவில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை. பயம் என்று ஒத்துக்கொள்ள வாய் வராததால் அதை யோசனை என்று நினைத்துக்கொண்டான்.

"ஏன் எழிலு," என்று அன்றைக்குச் சாப்பிடும்போது ஆரம்பித்தான், "ஹெல்மெட்டுதான் தலைய ரவுண்டு ஆக்கப்போவுது. அப்பால வெட்றது இன்னாத்துக்கு?"

"ஒட்டிகினு கீதுய்யா. அத்த எடுத்தாதான் ஹெல்மெட்டு வேல செய்யும்னு அவ்ளோ நேரம் சொன்னாங்களே, எங்க இருந்த நீ?"

"கத்தி வச்சிகினு கீறவங்க வெட்டத்தான் சொல்வாங்க."

"தேதி குட்து கீறாங்க. போறோம். அவ்ளோதான் பேச்சு." எழில்மொழி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பேச்சு அவளுக்கு முடிந்துவிட்டது. அவனுக்கு அங்கேதான் ஆரம்பித்தது. திங்கட்கிழமைக்குள் தலை கொஞ்சம் உருண்டு வந்துவிட்டால், டாக்டரே பார்த்துவிட்டு, வேண்டாம் போங்க என்று சொல்லிவிட மாட்டாரா? ஹெல்மெட் என்பது என்ன, ஒரு மோல்டுதானே? மோல்டு போடத் தெரியாதவனா வல்லரசு?

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து லாஞ்சிகள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டிருந்தன. அவன் வேலை பார்க்கும் ரஷீது பாயின் படகு யார்டில் வேலை குறைச்சல். பாய் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து, ஒரு ரப்பர் பந்தில் மெழுகைத் தடவி, அதன் பாதிக்கு மேட்டைக் கத்தரித்து ஒட்டி ரெசின் பூசினான். உருண்டைத் தலை வேண்டுமென்றால் உருண்டை மோல்டு, அவ்வளவுதான் கணக்கு. இரண்டாவது கோட்டு போடுவதற்குள் பாய் திரும்பி வந்துவிட்டார்.

"இன்னாடா மாமு அது?"

"கோயில் பொம்மைக்கு கிரீடம் பாய். தெரிஞ்சவங்க கேட்டாங்க."

பாய் போய்விட்டார். ஆனால் அந்தப் பதற்றத்தில் ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரை அளந்து ஊற்றவில்லை, கண்மதிப்பில் விட்டான். மறுநாள் பார்த்தபோது வெளிப்பக்கம் கெட்டியாக இருந்தது, உள்பக்கம் விரலில் லேசாக ஒட்டியது. படகாக இருந்தால் வெயிலில் இரண்டு நாள் கிடக்கட்டும் என்று விட்டிருப்பான். இது அவசரம். ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கினான். உள்ளே முன்னும் பின்னும் ஸ்பாஞ்சு வைத்து, ஸ்பாஞ்சின் மேல் வெல்வெட் துணி ஒட்டினான். தாடைக்கு ஒரு பட்டை. பார்க்க அழகாகவே இருந்தது. சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்குக் கீழே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

வீட்டில் ஏற்பாடு இப்படி. காலையில் அவன் காசிமேடு, அவள் பிள்ளையோடு வீட்டில். மதியம் அவன் வந்ததும் பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவள் பெரம்பூர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் பில் போடப் போவாள். திரும்பி வர விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். அந்த மதியங்கள்தான் வல்லரசுவுக்குக் கிடைத்தன.

முதல் நாள் மாட்டியதுமே அறிவு வீறிட்டான். புதுச் செருப்பு கடிக்காதா, நாலு நாள் போனால் பழகிவிடாதா என்று வல்லரசு தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தான். இரண்டாம் நாள் இன்னும் கொஞ்ச நேரம் கூட்டினான். பிள்ளை குடித்த பாலைக் கக்கினான். மூன்றாம் நாள் கழற்றிய பிறகு டேப் வைத்துப் பார்த்தால் தலையின் நீளம் ஒரு நூல் குறைந்த மாதிரி இருந்தது. வல்லரசுவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பிள்ளையின் காலைப் பிடித்து முத்தம் கொடுத்தான். அழுந்தி இறங்கியது தோலும் சதையும்தான் என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

நெற்றியில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்ததை எழில்மொழி பார்த்துவிட்டாள்.

"இன்னா இது, தடிச்சிகினு கீது?"

"வேர்க்குரு. அடிக்கிற வெயிலுக்கு வராம?"

வாய் கூசாமல் சொன்னான். அவள் நம்பினாள், ஏன் நம்ப மாட்டாள்? பவுனம்மாள் சந்தனம் இழைத்துப் பூசச் சொன்னாள், பூசினார்கள். அதற்கு மேலேதான் மறுநாள் குல்லாவை மாட்டினான். அறிவு இரவெல்லாம் சிணுங்கினான், பால் சரியாகக் குடிக்கவில்லை, குடித்ததையும் கக்கினான். எழில்மொழி நாளை ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்றாள். "தேதிதான் கிட்ட வந்திடுச்சே, அப்ப சேத்துப் பாத்துக்கலாம்" என்றான் வல்லரசு.

மறுநாள் பெரம்பூரில் கரண்ட் போய், பில் மெஷின் ஓடாமல், எழில்மொழி சீக்கிரமே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். கீழே வாசலிலேயே பிள்ளையின் அழுகை கேட்டது. பசி அழுகை அவளுக்குத் தெரியும், தூக்க அழுகையும் தெரியும். இது எதுவும் இல்லை. படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறிக் கதவைத் தள்ளினாள்.

அறிவு நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி வாங்கிக் கத்திக்கொண்டிருந்தான். தலையில் வெள்ளைக் குல்லா. வல்லரசு அவனை மடியில் கிடத்தி, குல்லா நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆச்சு கண்ணு, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முகமும் அழுதுகொண்டுதான் இருந்தது.

"யோவ்! இன்னாய்யா இது!"

அவள் பிடுங்கிய வேகத்தில் பட்டை அறுந்தது. குல்லா சுலபமாக வரவில்லை. வெல்வெட் நெற்றியில் ஒட்டிப்போயிருந்தது. அதை மெல்ல எடுத்தபோது தோலும் கூட வந்தது. நெற்றியில் நீளமாக ஒரு புண், ஈரமாக. பின்மண்டையில் இன்னொன்று, அதைச் சுற்றிலும் கொப்புளம். குல்லாவை மூக்கருகே கொண்டுபோனாள். அந்த வாடையை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தினமும் அவன் சட்டையிலிருந்து அலசிப் பிழியும் வாடை.

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட வல்லரசுவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். அவன் பின்னால் ஓடினான். ஆட்டோவில் பிள்ளையோடு அவள் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவன் ஏறப்போன இடத்தில் குல்லாவை வைத்தாள். வல்லரசு டிரைவர் பக்கத்தில் தொத்திக்கொண்டு போனான்.

டாக்டர் ஃப்ளோரன்ஸ் முதலில் பிள்ளையைப் பார்த்தார். உடம்பு கொதித்தது. மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்க்க வேறொரு டாக்டரைக் கூப்பிட்டார்கள், நல்லவேளை, கூடவில்லை. மருந்து ஏற்ற ஊசி குத்தினார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் மேஜை மேல் கிடந்த குல்லாவைக் கையில் எடுத்தார்.

"யார் செஞ்சது?"

எழில்மொழி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான்தான் மேடம்," என்றான் வல்லரசு.

"இந்தத் தோல் மேலதான்யா நான் கத்தி வைக்கணும்!" டாக்டரின் குரல் நர்ஸுகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உயர்ந்தது. "சீழ் பிடிச்ச தோலை வெட்டினா நோய் நேரா உள்ள போயிரும். திங்கக்கிழமை ஆபரேஷன் கிடையாது. இது ஆறணும். நாலு மாசம் முடியறதுக்குள்ள ஆறினா சின்ன ஆபரேஷன். ஆறலைன்னா பெருசுதான், வேற வழி இல்ல. புரியுதா?"

"நீங்களும் ஹெல்மெட்டுதானே மேடம் போடுவேன்னீங்க..."

டாக்டர் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய படத்தை எடுத்து, அவன் பக்கம் திருப்பினார்.

"அன்னைக்கு நீங்க இதைப் பார்க்கவே இல்ல. இப்பப் பாருங்க."

பார்த்தான். அறிவின் மண்டையோடு மேலிருந்து பார்த்த மாதிரி தெரிந்தது. நெற்றிக்குப் பின்னால் குறுக்காக ஒரு வளைந்த கறுப்புக் கோடு, பின்பக்கம் இரண்டு கோடு. அவை இடைவெளிகள். நடுவில், உச்சியின் நெடுக்கே, கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு பலகை சேரும் இடத்தில் மேட்டு வைத்து, ரெசின் பூசி, ஜாயிண்டே தெரியாமல் மழுப்பிவிட்ட மாதிரி வழவழவென்று இருந்தது. அப்படி மழுப்புவது அவன் தொழில். ஒருமுறை நெட்டுக்குப்பத்துக்காரர் ஒருவர், ஒரு பக்கம் கோணிப்போன படகைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தார். வல்லரசு யார்டே கேட்கச் சிரித்தான். "செட்டான ஃபைபரு கயித்துக்கு வளையுமா நைனா? வளைக்க வளைக்க வேற எடத்துல வெடிப்பு வுட்டுக்கும். கட்டர எடு, அறுத்துப் போட்டாதான் உண்டு" என்றான்.

அந்தச் சிரிப்பு இப்போது ஞாபகம் வந்தது. மூளை வளர வழி தேடிப் போன இரண்டே பக்கம், முன்னும் பின்னும். அந்த இரண்டு பக்கத்தையும்தான் அவன் ஸ்பாஞ்சு வைத்து அடைத்திருந்தான்.

பிள்ளையை வார்டில் சேர்த்தார்கள். உள்ளே தாய்க்கு மட்டும்தான் இடம். வல்லரசு வராந்தா பெஞ்சில் கிடந்தான். எழில்மொழி வெந்நீருக்கோ டீக்கோ வெளியே வரும்போதெல்லாம் எழுந்து ஓடுவான்.

"எப்டி கீது?"

"நெத்தி காய ஆரம்பிச்சிருக்கு."

"பின்னால?"

"காயல."

அவர்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். புருஷனுக்குச் சொல்வதாக அவள் சொல்லவில்லை, கேட்டவருக்கு விவரம் சொல்லும் நர்ஸ் மாதிரி சொன்னாள். ஒருநாள் பிள்ளையை ஸ்கேனுக்கு எடுத்துப்போக வெளியே கொண்டுவந்தார்கள். வல்லரசு கையை நீட்டினான். எழில்மொழி பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் தலையைச் சொறிந்துகொண்டான்.

புண் ஆறுவது என்பது அதன் இஷ்டத்துக்கு நடக்கிற காரியம், யாருடைய அவசரத்துக்கும் நடப்பதில்லை. நெற்றிப் புண்ணில் பொருக்கு கட்டியது. பின்மண்டையில் கொப்புளம் வடிந்த இடம் ஒருநாள் காய்ந்த மாதிரி இருந்து, மறுநாள் மறுபடி கசிந்தது. டாக்டர் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். நாலாவது மாதத்தின் கடைசி வாரம் தொடங்கிவிட்டது. காதிலிருந்து காது வரைக்கும் என்று டாக்டர் சொன்னதை வல்லரசு தன் தலையிலேயே விரலால் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டான். வாழ்க்கையில் முதல்முறையாக, தன் பிள்ளைக்குச் சின்ன வெட்டாகப் போட்டுவிட வேண்டுமே என்று ஏங்கினான். எந்த வெட்டுக்குப் பயந்து இவ்வளவும் செய்தானோ, அதே வெட்டு.

ரஷீது பாய் ஆள்களோடு வந்து நின்றார். விஷயம் வார்ஃபு முழுக்கப் பரவியிருந்தது.

"கோயில் பொம்மைக்கு கிரீடம்னு சொன்னியேடா. அந்தப் பொம்மையா இது?"

வல்லரசு பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான்.

"உன் மூஞ்சியப் பாக்கக்கூட எனக்கு இஷ்டம் இல்ல. ரத்தம் தேவப்படலாம்னு உன் சம்சாரம் போன்ல சொல்லிச்சி. நாங்க வந்தது புள்ளைக்கு." பாய் சட்டைக்கையை மடித்துக்கொண்டே ரத்த வங்கி எந்தப் பக்கம் என்று நர்ஸிடம் கேட்டுப் போனார்.

புதன்கிழமை காலை டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பின்மண்டையைப் பார்த்தார். பின்பக்க வெட்டு வரும் இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளித்தான் புண். கசிவு நின்றிருந்தது. தோலை அழுத்திப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார்.

"நாளைக்குச் செஞ்சுருவோம். இதுக்கு மேல தள்ளினா வாய்ப்புப் போயிரும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், உச்சிக்கு நேர் கீழ பெரிய ரத்தக்குழாய் ஓடுது. கவனமாத்தான் செய்வோம். இருந்தாலும் நீங்க தெரிஞ்சுக்கணும்."

மறுநாள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் எழில்மொழி பிள்ளையை நர்ஸின் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகும் பிள்ளையின் காலை விடவில்லை. நர்ஸ் மெதுவாக அவள் விரலை எடுத்துவிட்டாள். கதவு மூடியது.

பெஞ்சின் ஒரு முனையில் அவள், மறு முனையில் அவன். நடுவில் இரண்டு பேர் உட்காரலாம், வந்தவர்கள் யாரும் உட்காரவில்லை. வெயில் வராந்தாவின் பாதி வரைக்கும் வந்து, திரும்பிப் போக ஆரம்பித்தது. அப்போது கதவு திறந்து ஒரு நர்ஸ் வேகமாக வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் கையில் ரத்தப் பையோடு அதே வேகத்தில் திரும்பி வந்தாள்.

"சிஸ்டர், இன்னா ஆச்சு? சிஸ்டர்!" எழில்மொழி பின்னாலேயே ஓடினாள். கதவு மூடிக்கொண்டது.

அவள் திரும்பி வந்து வல்லரசுவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்தப் பிடியில் இருந்தது. பட்டன் தெறித்தது.

"அவனுக்கு எதுனா ஆச்சு, உன்ன நான் சும்மா வுட மாட்டேன்."

"வுடாத," என்றான் வல்லரசு.

அவள் சட்டையை விடாமலே அழுதாள். அவனும் அழுதான். போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

டாக்டர் ஃப்ளோரன்ஸ் வெளியே வந்தபோது நெற்றியில் தொப்பி அழுந்திய தடம் இருந்தது. வல்லரசு அந்தத் தடத்தைத்தான் முதலில் பார்த்தான்.

"முடிஞ்சுது. ரத்தம் கொஞ்சம் அதிகமாப் போச்சு, ஏத்திட்டோம். ஒட்டின எலும்பு முழுசும் வந்துருச்சு. பையன் நல்லா இருக்கான். கண்ணு முழிச்சதும் அம்மா உள்ள வரலாம்."

எழில்மொழி கையெடுத்துக் கும்பிட்டாள். வல்லரசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வெட்டு ஆறிய பிறகு ஹெல்மெட்டுக்கு அளவெடுத்தார்கள். அதற்கென்றே ஒரு இடம், அங்கே வசீம் என்று ஒரு பையன். விளக்கு மாதிரி ஒரு கருவியைத் தலையைச் சுற்றிக் காட்டி அளவு எடுத்தான். சில நாளில் ஹெல்மெட் வந்தது. பார்க்க வெள்ளை, வேடிக்கை என்னவென்றால் வல்லரசு செய்ததைப் போலவேதான் தூரத்தில் தெரிந்தது. கையில் வாங்கிப் பார்த்தால்தான் வித்தியாசம். நெற்றியையும் பின்மண்டையையும் அது சும்மா தொட்டு நின்றது, இரண்டு பக்கவாட்டிலும் காதுக்கு மேலே காலி இடம் விட்டிருந்தது.

"இந்த எடத்துலதான் தலை வளர்ந்து வந்து ரொம்பும்," என்றான் வசீம். "குளிப்பாட்டும்போது மட்டும் கழட்டணும், மத்தபடி எப்பவும் போட்டிருக்கணும். மொத நாளு கத்துவான். கத்தறான்னு கழட்டிட்டீங்கன்னா அப்புறம் பழகவே மாட்டான். கழட்டறப்ப சிவப்பா இருந்தா, கொஞ்ச நேரத்துல அது மறையணும். மறையலன்னா போன் பண்ணுங்க."

வீட்டுக்கு வந்தார்கள். பவுனம்மாள் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போனாள். இப்போது உச்சியை அவள் தடவுவதில்லை, பஞ்சில் தண்ணீர் தொட்டு ஒற்றுவதோடு சரி. எழில்மொழி பிள்ளையின் தலையைத் துடைத்து, பாயில் கிடத்தி, வேலைக்குப் போகும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் மறுபடி போகிறாள். ஹெல்மெட்டை எடுத்து வல்லரசுவிடம் நீட்டினாள்.

"போடு."

"நீயே போட்டுட்டுப் போ எழிலு."

"நான் போய்ட்டா அவன் குளிக்க மாட்டானா, கக்க மாட்டானா? கழட்டித் தொடைக்க வாணாமா? யாரு போடுவா, பக்கத்து வூட்டுக்காரங்களா?"

"என்னால முடியாது. கை வரல."

"வரணும்," என்றாள்.

வாங்கினான். உள்ளே விரலை விட்டு ஓரம் முழுக்கத் தடவினான். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். ஒரு வாடையும் இல்லை. கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தான், மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துத் தேய்த்துப் பார்த்தான். எழில்மொழி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையின் நெற்றியில் பழைய புண்ணின் இடம் வெளுத்துப்போய்த் தெரிந்தது. வசீம் காட்டிய மாதிரி பக்கவாட்டில் விரித்து, மெல்ல இறக்கி, பட்டையை ஒட்டினான்.

அறிவு ஒரு கணம் ஒன்றும் புரியாமல் விழித்தான். பிறகு கத்த ஆரம்பித்தான்.

அதே அழுகை. அந்த மதியங்களில் கேட்ட அதே அழுகை, நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி வாங்கி. அன்றைக்குக் கழற்றியிருக்க வேண்டும், கழற்றவில்லை. இன்றைக்குக் கழற்றக் கூடாது. தெரிந்தும் கை தானாகப் பட்டைக்குப் போயிற்று.

"கைய எடு," என்றாள் எழில்மொழி.

எடுத்தான்.

"அழறான் இல்ல? தூக்கு."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பு ஒன்றும் இல்லை. கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தாள். வல்லரசு பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தான். ஹெல்மெட் தோள் எலும்பில் இடித்தது. அழுகை நிற்கவில்லை.

எழில்மொழி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள். படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப் போய், பாதியில் நின்றது. பிள்ளை இன்னும் கத்திக்கொண்டிருந்தான். வல்லரசு கதவைப் பார்த்தபடி, பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டு, பட்டைப் பக்கம் கையைக் கொண்டுபோகாமல் நின்றான். கொஞ்ச நேரம் கழித்துச் செருப்புச் சத்தம் மறுபடி கேட்டது. மேலே ஏறி வரவில்லை, கீழே இறங்கித்தான் போனது.